சாயாத கப்பலில் வந்த ஸ்பூன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மிக்சியிலிருந்து லேசான கருகல் வாசனை வந்தது. மிக்சி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த வாசனைதான். சூடேறிய மோட்டாரும் பொட்டுக்கடலையும் தேங்காயும் கலந்தது. தேங்காய்ச் சில்லு ஒன்று ஜாரின் சுவரில் ஒட்டிக்கொண்டு பிளேடுக்கு இறங்க மறுத்தது. ஓடிக்கொண்டிருந்த மிக்சியை இரண்டு கையாலும் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்த்தேன்.

நீங்களும் செய்திருப்பீர்கள். கையேட்டில் படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து, செய்யாதே என்று சொல்லியிருப்பதை நம் வீடுகளில் தினமும் செய்கிறோம். கருவிகளைச் சோதித்து அறிக்கை எழுதுவதே என் தொழில். அலுவலகத்தில் வேறு யாராவது இதைச் செய்தால் நான்கு பக்கத்துக்கு எழுதுவேன்.

"அம்மா, இட்ஸ் டூ லவுட்!" என்று நான்கு வயது மகள் காதைப் பொத்திக்கொண்டாள். மிக்சியை வைத்து நிறுத்தினேன். நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். மகளும் வந்து தரையைப் பார்த்தாள். "வாட் ஆர் வீ லுக்கிங் அட்?" என்றாள்.

நியாயமான கேள்வி. கலிபோர்னியாவின் சான் ரமோனில் எங்கள் வீட்டுத் தரைக்குக் கீழே கான்கிரீட்டும் மண்ணும்தான் இருக்கின்றன. பத்து வருடங்களுக்கு முன்னால் நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் என் சமையலறைத் தரைக்குக் கீழே கார்லா இருந்தார்.

எம்.எஸ். முடித்து எனக்கு முதல் வேலை அங்கேதான் கிடைத்தது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் சிறிய பம்புகளைச் சோதிக்கும் வேலை. அறைத்தோழி நஸ்ரீன், காயல்பட்டினத்துக்காரி. மருந்து கம்பெனி ஒன்றில் புள்ளிவிவரங்களோடு மல்லுக்கட்டுபவள். நான் பொள்ளாச்சிப் பக்கம் என்பதால் முதல் மூன்று மாதம் அவளை வாங்க போங்க என்றே பேசிக்கொண்டிருந்தேன். "ஏன்டி, என்னைப் பொண்ணு பார்க்க வந்த மாதிரியே பேசுற?" என்று கேட்டு அதை நிறுத்தியவள் அவள்தான்.

நாங்கள் இருந்தது ஒரு பழைய மர வீட்டின் மேல்தளம். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் கார்லா. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியவர், குட்டையானவர், குரல் மட்டும் இன்னும் பேருந்தின் கடைசி இருக்கைவரை போகும். என் அம்மாவைவிட மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கார்லா ஆன்ட்டி என்றேன். "நான் யாருக்கும் ஆன்ட்டி இல்ல, ஹன். எனக்குத் தம்பி தங்கச்சியே கிடையாது" என்றார். கார்லா பேசியதெல்லாம் நியூ ஜெர்சி ஆங்கிலம், 'ஹன்' அவருடைய 'கண்ணு'. ஆனால் எனக்கு நினைவில் தமிழாகத்தான் ஓடுகிறது, அப்படியே எழுதிவிடுகிறேன்.

அந்த வீட்டின் தரை மெல்லியது. நாங்கள் மிக்சி போட்டால் கார்லாவின் சமையலறை விளக்கு ஆடுமாம். அவர் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டுவார். காலப்போக்கில் அதற்கு ஓர் இலக்கணமே உண்டாகிவிட்டது. ஒரு தட்டு என்றால் போதும், நிறுத்து. இரண்டு என்றால் காபி போட்டிருக்கிறேன், இறங்கி வா. விடாமல் தட்டினால் உன் கார் என் காரை மறிக்கிறது. நஸ்ரீன் குதிகாலால் ஒரு முறை தட்டிப் பதில் சொல்லுவாள். நான் இதை ஓர் அட்டவணையாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். அப்போதெல்லாம் எதையும் அட்டவணை போடாமல் எனக்கு மனசு ஆறாது. இப்போது மட்டும் என்னவாம் என்று என் கணவர் கேட்பார். அதை விடுங்கள்.

கார்லாவுக்கு அடித்தளத்தில் இன்னொரு சமையலறை இருந்தது. அந்த ஊர் இத்தாலியக் குடும்பங்களில் இது சாதாரணம். மேலே இருப்பது பார்வைக்கு, கீழே இருப்பதுதான் வேலைக்கு. கோடை முடியும்போது கூடை கூடையாகத் தக்காளி வாங்கி, வேகவைத்து, தோல் எடுத்து, வருடத்துக்கான சாஸ் செய்து பாட்டில்களில் அடைப்பார். அந்த வாரயிறுதியில் எங்களுக்கும் வேலை இருக்கும். வீடெங்கும் தக்காளியும் துளசி மாதிரி ஓர் இலையும் மணக்கும். நஸ்ரீன் ஒவ்வொரு வருடமும் "இதுல ஒரு கொத்து கறிவேப்பிலை போட்டா எங்கேயோ போயிடும்" என்பாள். கார்லா ஒவ்வொரு வருடமும் கரண்டியை ஓங்குவார்.

அப்படி ஒரு தக்காளி சனிக்கிழமையில்தான் கார்லா ஸ்பூனை எடுத்துவந்து காட்டினார். சாதாரண சூப் ஸ்பூன். கழுத்து கொஞ்சம் வளைந்தது. எந்த முத்திரையும் இல்லை.

ஊர் நூலகத்தில் ஒரு சின்னக் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். எங்கள் குடும்பம் இங்கே எப்படி வந்தது என்று சொல்லும் ஒரு பொருளும், அதோடு ஓர் அட்டையில் அதன் கதையும் வைக்க வேண்டுமாம். கார்லாவின் அம்மா ஒன்பது வயதில் ஜெனோவாவிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றாம் வகுப்பில் வந்தவர். கப்பலின் பெயர் கோன்டே டி சவோயா.

"என் அம்மா அந்தக் கப்பல்ல ஏறின நாள்லேருந்து வாந்தி. ஒரு வாய் சூப் இறங்கல. அவளோட பெரியம்மாதான் கூட்டிட்டு வந்தா. தினமும் 'சாப்பிடு, சாப்பிடு'ன்னு கையில ஸ்பூனைக் குடுத்துடுவா. அம்மா ஸ்பூனைப் பிடிச்சுக்கிட்டே படுத்திருப்பா. நியூயார்க்ல இறங்கும்போதும் கையில ஸ்பூன். யாரும் கவனிக்கல" என்றார் கார்லா. பிறகு தக்காளிச் சாறு வழியும் உள்ளங்கையைத் தட்டையாக நீட்டி, மெல்ல ஒரு பக்கம் சாய்த்து, அப்படியே நிறுத்தினார். "கப்பல் இப்படிச் சாயுமாம். சாஞ்சு, அப்படியே நிக்குமாம். எதுக்கு இந்த ரூமுக்கு வந்தோம்னு மறந்துபோன ஆள் மாதிரி. அப்புறம்தான் திரும்புமாம்."

நஸ்ரீன் சிரித்தாள். நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

"அட்டையை நீங்க எழுதுங்க. நீங்க ரெண்டு பேரும் இன்ஜினியர்தானே."

"நான் ஸ்டாடிஸ்டிக்ஸ், கார்லா."

"அதைத்தானே சொன்னேன்."

நான் அந்தக் கப்பலில் விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் மாலை நேரம் முழுவதும் அதற்கே போனது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் இத்தாலி நியூயார்க் தடத்தில் இரண்டு பெரிய கப்பல்களை விட்டது. ஒன்று வேகத்துக்குப் பேர் போனது. அட்லாண்டிக்கை மிக விரைவாகக் கடந்த சாதனை சில காலம் அதன் கையில் இருந்தது. மற்றொன்று நம்முடையது. வேகத்தில் இரண்டாவது, அழகில் முதலாவது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். முதல் வகுப்பில் ஓர் அரண்மனையின் கூடத்தைப் போலவே ஒரு மண்டபம், கூரையில் ஓவியம், ஓரமெல்லாம் சிலைகள். கடலில் போகும் ஒரு பொருளில் சிலைகளை நிறுத்தத் துணிந்தவர்களின் நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புதான். முதல் பயணத்திலேயே நீர்மட்டத்துக்குக் கீழே கப்பலின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்து, மாலுமிகள் நடுக்கடலில் சிமெண்ட் போட்டு அடைத்து, நியூயார்க் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். கொத்தனார் வேலையும் தெரிந்த மாலுமிகள்!

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது கப்பலின் அடியில் இருந்த மூன்று சக்கரங்கள். ஒவ்வொன்றும் நூறு டன் அளவுக்கு எடையுள்ள சுழலிகள். வேகமாகச் சுழலும் கனமான சக்கரத்தைச் சாய்க்கப் போனால் அது முரண்டு பிடிக்கும். சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி, அச்சைக் கையில் பிடித்து, சுற்றிவிட்டுச் சாய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த முரண்டைக்கொண்டு கப்பலை ஆடாமல் பிடித்துவைக்கலாம் என்பது திட்டம். விளம்பரங்கள் எல்லாம் இதையேதான் பாடின. இந்தக் கப்பல் ஆடாது, இதில் குமட்டல் வராது. அழகான படங்கள். தட்டில் சூப் அசையாமல் நிற்கிறது.

இங்கேதான் நான் தவறு செய்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பயன்படுத்துபவர் ஒரு கோளாறைச் சொல்வார். நம் மேசையில் அது வராது. கருவியின் வரையறைத் தாளில் அப்படி நடக்காது என்று இருக்கும். உடனே, "எங்களால் இதை மறுபடி வரவழைக்க முடியவில்லை" என்று எழுதிப் புகாரை மூடிவிடுவோம். நான் கார்லாவின் அம்மாவை அப்படித்தான் மூடினேன். அட்டைக்கான வரைவோடு ஒரு தனித் தாளும் தயாரித்தேன். தலைப்பு: சரிபார்க்க முடியாதவை. ஒன்று, ஸ்பூனில் கப்பலின் முத்திரை இல்லை. இரண்டு, இக்கப்பல் ஆடாமல் இருப்பதற்காகவே புகழ்பெற்றது. வாரம் முழுவதும் வாந்தி என்பது பொருந்தவில்லை. மூன்று, சாய்ந்து நின்றது என்பது சிறுமியின் மிகையாக இருக்கலாம். அடியில் ஒரு பரிந்துரை: அம்மா வேறொரு கப்பலில் வந்திருக்க வாய்ப்புண்டா?

பரிந்துரையாம்! இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

கார்லா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். மடித்தார். "என் அம்மாவுக்குத் தான் வந்த கப்பல் தெரியாதுங்கிற."

"இல்ல கார்லா, டாகுமென்ட்ஸ்ல…"

"பரவால்ல ஹன். நீ உன் வேலையைச் செஞ்ச. லைப்ரரில சொல்லிடறேன், நான் எதுவும் வைக்கலன்னு." ஸ்பூனை எடுத்து மற்ற ஸ்பூன்களோடு சமையலறை இழுப்பறையில் போட்டு மூடினார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கதை இருக்கும்வரைதான் அது அம்மாவின் ஸ்பூன். கதை போனால் ஆறு ஸ்பூன்களில் ஒன்று. அதை நான் அப்போதே புரிந்துகொண்டேன். ஆனால் என் தாள் சரி என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்க முடிகிற வயது அது.

கண்காட்சிக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த நாட்களில் கூரையில் தட்டும் சத்தம் வரவில்லை. மிக்சியை வேண்டுமென்றே கூடுதலாக ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. குப்பைத் தொட்டியை வாசலில் வைக்கும்போது பார்த்தால் தலையசைப்பார். அவ்வளவுதான்.

நஸ்ரீன் என்னை விடவில்லை. "எங்க வாப்பா சின்ன வயசுல கொழும்புக்குக் கப்பல்ல போனவங்க. அங்க என்ன வாங்குனாங்க, என்ன சாப்பிட்டாங்கன்னு ஒவ்வொரு தடவையும் கதை மாறும். வாந்தி எடுத்த கதை மட்டும் மாறவே மாறாது. அதுல யாருடி பொய் சொல்லுவா?"

"அது எவிடன்ஸ் இல்ல நஸ்ரீன்."

"டிக்கெட் விக்கிறவன் அடிச்ச நோட்டீஸு எவிடன்ஸா? நாங்க மருந்துக்கு இப்படிப் பண்ணினா ஜெயில்ல போடுவாங்க, மேடம்."

நான் பாத்திரம் தேய்க்கப் போனேன்.

சனிக்கிழமை காலை. நூலகம் பதினொரு மணிக்குத் திறக்கும். எட்டு மணிக்கு நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். தேங்காய் ஒட்டிக்கொண்டது. வழக்கம்போல மிக்சியைத் தூக்கிச் சாய்த்தேன். ஆயிரம் தடவை செய்ததுதான். அன்றைக்குத்தான் கையை முதல்முறையாகக் கவனித்தேன். சாய்க்கப் போனால் மிக்சி முரண்டு பிடித்து வேறு பக்கம் முறுக்கிக்கொண்டது. அது எனக்குத் தெரிந்த பாடம். சாய்த்த பிறகு நேராக நிமிர்த்தப் போனேன். அதற்கும் அதே முரண்டு.

அதற்கும் அதே முரண்டு! சாய விடாதது, சாய்ந்துவிட்டால் நிமிரவும் விடாது. சக்கரத்துக்கு எது நேர், எது கோணல் என்று என்ன தெரியும்? மாற்றத்தை எதிர்ப்பது மட்டும்தான் அதன் வேலை.

நான் அப்படியே நின்றதில் ஜாரின் மூடி கழன்று, பாதிச் சட்னி சுவருக்கும் மீதி என் குர்தாவுக்கும் போனது. "ஏய், மிக்சியக் கீழ வைடி! என்னாச்சு உனக்கு?" என்று நஸ்ரீன் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"கப்பல் நின்னிருக்கும் நஸ்ரீன். சாஞ்சு நின்னிருக்கும்!"

கையைத் துடைக்காமல் லேப்டாப்பைத் திறந்தேன். அன்றைய சட்னி அந்த விசைப்பலகையில் கடைசிவரை இருந்தது. சேமித்து வைத்திருந்த கோப்புகளில் ஒரு பழைய பொறியியல் கட்டுரை உண்டு. முதல் பக்கத்தைப் படித்து, சுழலிகளின் எடையைக் குறித்துக்கொண்டு, மீதியைப் படிக்காமல் விட்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. சுழலிகள் ஆட்டத்தைக் குறைத்தன, நிறுத்திவிடவில்லை. சில வகைக் காற்றிலும் அலையிலும் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பாமல், அந்த எல்லையிலேயே தொங்கி நின்றது. அப்படிப்பட்ட கடலில் சுழலிகளை ஓட்டாமல் வைத்தார்கள். விளம்பரத்தை மட்டும் நிறுத்தவில்லை.

மற்றக் கப்பல்கள் சாயும், திரும்பும். சாய்ந்து நின்று யோசிக்கும் கப்பல் இது. ஸ்பூனில் இல்லாத முத்திரை, மிகை என்று நான் ஒதுக்கிய வாக்கியத்தில் இருந்தது.

படியில் ஓடி இறங்கினேன். கார்லா கதவைத் திறந்து என் குர்தாவைப் பார்த்தார். "யாரையாவது கொன்னுட்டியா?"

"கார்லா, உங்க அம்மா சொன்னது சரி. நான்தான் தப்பு. பேப்பர் இருக்கு. கப்பல் சாஞ்சு நின்னதுக்குப் பேப்பர் இருக்கு." மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரம், சட்னி, மூன்றாம் பக்கம், எல்லாம்.

அவர் ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. அவருக்கு இது புதிய செய்தி இல்லையே. அறுபது வருடமாகத் தெரிந்தது. எனக்குத்தான் புதிது. ஆனால் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "எண்ணுவாளாம்" என்றார்.

"என்னது?"

"அம்மா. கப்பல் சாஞ்சு நிக்கும்போது கண்ணை மூடிக்கிட்டு எண்ணுவாளாம். எப்பவும் ஏழுக்குள்ள திரும்பிடுமாம். அதைச் சொன்னா நீ எந்த லிஸ்ட்ல எழுதுவியோன்னு உன்கிட்ட சொல்லல."

சோதிப்பவளாக இதைவிட வெட்கப்பட்ட தருணம் எனக்கு இல்லை. வாந்தி எடுத்துக்கொண்டே, கையில் ஸ்பூனோடு, ஒன்பது வயதில் அந்தப் பெண் அளந்திருக்கிறாள். நான் வரையறைத் தாளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அட்டையை மறுபடி எழுதினோம். நான் தட்டச்சு செய்தேன், நஸ்ரீன் சொற்களை வெட்டினாள், கார்லா சொன்னார். கடைசி வரி அவருடையது: "இந்தக் கப்பல் சாயாது என்றார்கள். என் அம்மா ஏழு வரை எண்ணினாள்." இழுப்பறையைத் திறந்தார். ஆறு ஸ்பூன்களுக்கு நடுவிலிருந்து பார்க்காமலே கைவிட்டு எடுத்தார்.

நூலகத்தில் எங்கள் மேசைக்குப் பக்கத்தில் யாருடையதோ ஒரு தையல் இயந்திரமும், அதற்கு அப்பால் ஒரு டிரங்குப் பெட்டியும் இருந்தன. ஸ்பூன் மிகச் சின்னப் பொருள். ஆனால் கார்லா அமைதியாக நிற்கிற ஆள் இல்லை. வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி உள்ளங்கையை நீட்டிச் சாய்ப்பார். பக்கத்தில் நின்று நஸ்ரீன் எண்ணுவாள். முதலில் ஆங்கிலத்தில் எண்ணினாள். சலித்துப்போய்த் தமிழுக்கு மாறினாள். மாலைக்குள் கார்லாவும் சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு…" ஏழில் மட்டும் ழகரம் வராமல் நாக்கு சறுக்கும். "எங்க ஊர்லயே பாதிப் பேருக்கு வராது, விடுங்க" என்றாள் நஸ்ரீன். கை நிமிரும். சின்னப் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

திரும்பி வந்ததும் ஸ்பூனைக் கழுவி மறுபடி இழுப்பறையிலேயே போட்டார். கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமே என்றேன். "அது ஸ்பூன், ஹன். அம்மாவால அன்னிக்கு சாப்பிட முடியல, நாம சாப்பிடுவோம்" என்றார். மறுநாள் காலை நான் மிக்சி போட்டேன். கீழிருந்து தட்டு வந்தது. ஒன்று அல்ல, இரண்டு.

கப்பலின் கதை அதற்கப்புறம் நீளவில்லை. போர் வந்ததும் வெனிஸ் பக்கம் ஒதுக்கி நிறுத்தினார்கள். விமானத் தாக்குதலில் எரிந்து ஆழமில்லாத நீரில் உட்கார்ந்தது. பிறகு தூக்கி நிறுத்தி, திருத்திவிடலாமா என்று யோசித்து, கடைசியில் உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள். அந்த மூன்று சக்கரங்கள் என்ன ஆயின என்று தேடினேன். கிடைக்கவில்லை. இப்போது எங்காவது பாலத்திலோ தண்டவாளத்திலோ அசையாமல் இருக்கலாம்.

மற்றவையெல்லாம் அதைவிட அமைதியாகப் போயின. நஸ்ரீன் கல்யாணமாகி டெக்சஸ் போனாள், ஆலனில் இருக்கிறாள். இரண்டு பையன்கள். நான் இங்கே வந்தேன். கார்லாவுக்கு முழங்கால் படியேற மறுத்தது. வீட்டை விற்றுவிட்டு, அடுக்ககம் ஒன்றின் தரைத்தளத்துக்குப் போனார். "இப்ப எனக்கு மேல யாரோ குடியிருக்காங்க. சத்தமே இல்ல, என்ன மனுஷங்களோ" என்று தொலைபேசியில் குறைப்பட்டார். போன வருடம் வரை பிறந்தநாளுக்கு அழைத்துக்கொண்டிருந்தார். இந்த வருடம் அவருடைய மகன் அழைத்து, அவர் போய்விட்ட செய்தியைச் சொன்னான். இழுப்பறையை அப்படியே தன் வீட்டுக்கு எடுத்துப்போனதாகவும், அதில் எது அந்த ஸ்பூன் என்று உங்களுக்குத் தெரியுமா என்றும் கேட்டான். கழுத்து வளைந்தது என்றேன். பிறகு அவனுக்கு முழுக்கதையையும் சொன்னேன். எண்ணியதையும் சேர்த்து.

பழைய வீட்டை வாங்கியவர்கள் அதை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். அடித்தளச் சமையலறை இல்லை. மெல்லிய தரை இல்லை. ஃபிரிட்ஜில் ஒட்டிய அட்டவணை எந்தப் பெட்டியில் போனதோ தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் தொலைத்த ஒரே அட்டவணை அதுதான்.

"அம்மா, வாட் ஆர் வீ லுக்கிங் அட்?"

"ஒண்ணுமில்ல. எண்ணு" என்றேன்.

அவள் எண்ணினாள், நான் சொல்லாமலே தமிழில். ஏழு வரை போனோம். கீழிருந்து தட்டு வரவில்லை. நான் ஜாரைக் கழற்றி, சுவரில் ஒட்டியிருந்த தேங்காய்ச் சில்லை ஸ்பூனால் தள்ளிவிட்டேன்.